காயலான் கடையில் ஒரு அச்சு!

விளக்கு பச்சையாக மாறுகிறது.

அடுத்த கணம் இரண்டு கார்கள் சீறிப் பாய்கின்றன. பின் சக்கரங்களில் புகை. காதைப் பிளக்கும் சத்தம். பார்க்க வந்தவர்கள் எழுந்து நிற்பதற்குள் பந்தயம் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம்? பன்னிரண்டே வினாடி!

அமெரிக்காவில் நடக்கும் "டிராக்" பந்தயம் இது. இதில் வளைவு கிடையாது. திருப்பம் கிடையாது. ஒரே நேர்கோடு. தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி. நின்ற இடத்தில் இருந்து கிளம்பி, எல்லைக் கோட்டை முதலில் தொடுவது யார் என்பதுதான் போட்டி.

"இதற்கு எஞ்சின் நன்றாக இருந்தால் போதுமே!" என்று நீங்கள் நினைப்பீர்கள். பந்தயத்துக்குப் புதிதாக வருகிற இளைஞர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கையில் உள்ள காசை எல்லாம் எஞ்சினில் கொட்டுகிறார்கள். பிறகு ஒரு நாள், பச்சை விளக்கு எரிந்ததும் காலை அழுத்துகிறார்கள். "டமார்" என்று ஒரு சத்தம்! எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. கார் மட்டும் நகரவில்லை.

என்ன ஆயிற்று? பின்னால் இருக்கும் அச்சு முறிந்துவிட்டது!

அந்த அச்சைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. புது அச்சு வாங்கப் பணம் இல்லாதவர், காயலான் கடையில் புகுந்து நல்ல அச்சாகப் பார்த்து எடுத்து வருவது எப்படி? அது ஒரு தனிக் கலை.

தெருவில் பிறந்த பந்தயம்

முதலில் பந்தயத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இரண்டாவது உலகப் போர் முடிந்த காலம். அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், இளைஞர்கள் பழைய கார்களை வாங்கிப் பிரித்து, வேகமாக ஓடும்படி மாற்றினார்கள். வேகத்தைச் சோதிக்க இடம் வேண்டுமே? வறண்ட ஏரிகளில் ஓட்டினார்கள். போர் விமானங்கள் இறங்கிய ஓடுதளங்களில் ஓட்டினார்கள். இரவு நேரத்தில் ஊர்த் தெருக்களிலும் ஓட்டினார்கள். விபத்துகள் நடந்தன. போலீசார் விரட்டினார்கள்.

வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் ஒரு சங்கம் தொடங்கினார். "தெருவில் ஓட்டாதீர்கள். விதிமுறையோடு, பாதுகாப்பான இடத்தில் ஓட்டுங்கள்" என்பதுதான் அதன் நோக்கம். தேசிய ஹாட் ராட் சங்கம் என்பது அதன் பெயர். 1955-ல் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள கிரேட் பெண்ட் என்ற ஊரில் அது முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 1963-ல் பந்தயம் தொடங்குகிற இடத்தில் விளக்குக் கம்பம் வந்தது. மேலிருந்து கீழாக வண்ண வண்ண விளக்குகள். அதனால் அதற்கு "கிறிஸ்துமஸ் மரம்" என்று பெயர்!

இன்று பெரிய பந்தயக்காரர்களின் கார்கள் மணிக்கு 330 மைல் வேகத்தையும் தாண்டுகின்றன. அவ்வளவு வேகத்துக்குக் கால் மைல் பாதையே ஆபத்தாகிவிட்டது. 2008-ல் ஒரு வீரர் விபத்தில் இறந்த பிறகு, அந்தக் கார்களுக்கு மட்டும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள்.

அதெல்லாம் லட்சக்கணக்கில் டாலர் செலவழிப்பவர்களின் உலகம். நாம் பார்க்கப் போவது அவர்களை அல்ல. வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறாரே, அந்தச் சாதாரணத் தொழிலாளியைத்தான் பார்க்கப் போகிறோம்.

இவர்களுக்காகவே ஒரு வகைப் போட்டி உண்டு. "என் கார் இத்தனை வினாடியில் ஓடும்" என்று முன்கூட்டியே காரில் எழுதி ஒட்டிவிட வேண்டும். மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு எரியும். வேகமான கார் பிறகுதான் கிளம்பலாம். எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டாலும் தோல்வி! ஆகவே, சொன்னபடி ஓடுகிற கார்தான் வெல்லும். பணக்காரனை ஏழை தோற்கடிக்கக்கூடிய பந்தயம் இது. ஆனால் கார் வழியில் முறிந்து நிற்கக் கூடாது. அதுதான் முக்கியம்.

அச்சு என்ன செய்கிறது?

மாட்டு வண்டியின் அச்சு வெறும் கட்டையோ இரும்போதான். சக்கரங்கள் அதில் தாமாகச் சுற்றும். இழுப்பது மாடு. அச்சுக்கு எடையைத் தாங்குகிற வேலை மட்டும்தான்.

காரின் பின் அச்சு அப்படி அல்ல. எடையையும் தாங்க வேண்டும். சக்கரத்தையும் சுற்ற வைக்க வேண்டும். எஞ்சினின் சக்தி ஒரு நீளமான தண்டு வழியாகப் பின்னால் வருகிறது. அந்தத் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதற்குப் பினியன் என்று பெயர். அது, தட்டுப் போன்ற ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இதுதான் கிரவுன். கிரவுனில் இருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு இரும்புத் தண்டுகள் சக்கரங்களுக்குப் போகின்றன.

கிரவுன் எவ்வளவு பெரியதோ, அச்சுக்கு அவ்வளவு பலம். அதனால்தான் அமெரிக்க மெக்கானிக்குகள் அச்சைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரவுனின் விட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "ஒன்பது அங்குலம் இருக்கிறதா?" "எட்டேமுக்கால் கிடைக்குமா?" இதுதான் அவர்கள் பேச்சு.

அச்சின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடி நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 300 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு உண்டாகுமோ, அந்த முறுக்கை ஒரு நல்ல எஞ்சின் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் அதை இரண்டரை மடங்கு ஆக்குகிறது. அச்சில் உள்ள பல்சக்கரங்கள் அதை இன்னும் 3.73 மடங்கு ஆக்குகின்றன. கடைசியில் எவ்வளவு? சுமார் 2,800 பவுண்டு! ஒன்றேகால் டன் எடையை அந்த ஓர் அடி ஸ்பானரில் தொங்கவிட்டது போல!

சாதாரண டயராக இருந்தால் தரையில் வழுக்கிச் சுற்றிவிடும். அச்சு தப்பித்துவிடும். பந்தய டயர் அப்படி வழுக்காது. தரையைக் கவ்விக்கொள்ளும். முன்னால் எஞ்சின் முறுக்குகிறது. பின்னால் டயர் விட மாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட அச்சு என்ன செய்யும்?

கைகோத்து நடக்கும் பிள்ளைகள்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நடந்து வருகிறார்கள். தெரு முனையில் திரும்புகிறார்கள். உள் ஓரத்தில் இருப்பவன் மெல்ல நடந்தால் போதும். வெளி ஓரத்தில் இருப்பவன் ஓட வேண்டும். இல்லையா?

காரின் இரண்டு பின் சக்கரங்களும் இப்படித்தான். திரும்பும்போது ஒன்று வேகமாகவும், மற்றது மெதுவாகவும் சுற்ற வேண்டும். இதற்காகக் கிரவுனுக்கு உள்ளே சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். இதுதான் டிபரன்ஷியல். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1827-லேயே இதற்கு உரிமை வாங்கிவிட்டார். அப்போது பெட்ரோல் காரே பிறக்கவில்லை!

ரோட்டில் ஓட்டுவதற்கு இது வரப்பிரசாதம். பந்தயத்தில் இதுவே தொல்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தி எல்லாம் அதற்கே போய்விடும். மற்ற சக்கரம் சும்மா நிற்கும். ஆகவே, வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்ஷியல் என்று ஒரு வகை செய்தார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் அளவுக்கு மீறிச் சுற்றாமல் அவை பிடித்துக்கொள்ளும். போர்டு கம்பெனி இதற்கு "டிராக்‌ஷன் லாக்" என்று பெயர் வைத்தது. செவர்லே "பாசிட்ராக்‌ஷன்" என்றது. கிரைஸ்லர் "ஷ்யூர் கிரிப்" என்றது. பெயர் வேறு, வேலை ஒன்று.

சிலர் காசு மிச்சம் பிடிப்பதற்காக, அந்தச் சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். வெல்டிங் மிஷின் கம்பெனி ஒன்றின் பெயரைச் சேர்த்து இதற்கு "லிங்கன் லாக்கர்" என்று கேலிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டிய இடம் விட்டுப் போனால் இரும்புத் துண்டு பற்களுக்கு நடுவே விழும். அவ்வளவுதான், அச்சு மொத்தமும் பாழ்! ரோட்டில் ஓட்டுகிற காருக்கு இது கூடவே கூடாது. வளைவில் கார் திரும்ப மறுக்கும்.

பழைய பெருமை

பந்தயக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது போர்டு கம்பெனியின் ஒன்பது அங்குல அச்சைத்தான். 1957 முதல் 1986 வரை காரிலும் லாரியிலும் வந்தது. மகா பலம். அதோடு ஒரு வசதி. பல்சக்கரக் கூட்டத்தை முன்பக்கமாக அப்படியே வெளியே எடுத்துவிடலாம். ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பந்தய மைதானத்திலேயே மாட்டிவிடலாம். நாஸ்கார் பந்தயத்தின் பெரிய பிரிவில் 2021 வரை இந்த வகை அச்சுதான் ஓடியது.

இதிலும் ஒரு குறை உண்டு. பினியன் மிகவும் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பற்கள் நன்றாகக் கவ்வும். ஆனால் உராய்வு அதிகம். கொஞ்சம் சக்தியை அச்சே விழுங்கிவிடும்.

கடையில் இதை வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. போர்டு கம்பெனியின் எட்டு அங்குல அச்சு பார்ப்பதற்கு இதன் தம்பி போலவே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பக்கத்தில் வட்டமாக இருக்கும் நட்டுகளில் சாக்கெட் ஸ்பானரைப் போட்டுப் பாருங்கள். எல்லா நட்டிலும் நேராக நுழைந்தால் அது எட்டு அங்குலம். அடியில் உள்ள இரண்டு நட்டில் மட்டும் நுழையாமல் இடித்தால் அது ஒன்பது அங்குலம்! பைசா செலவில்லாத சோதனை.

கிரைஸ்லர் கம்பெனியின் எட்டேமுக்கால் அங்குலம் 1957 முதல் 1974 வரை வந்தது. செவர்லேயின் "பன்னிரண்டு போல்ட்" அச்சு 1960-களின் நடுவில் வந்து 1970-களின் தொடக்கத்தில் கார்களை விட்டுப் போய்விட்டது. இரண்டும் நல்லவை. டேனா 60 என்று ஒன்று இருக்கிறது. கிரவுன் ஒன்பதேமுக்கால் அங்குலம். லாரியைத் தாங்கும். எடையும் லாரி எடைதான்!

ஆனால், இவற்றை எல்லாம் இன்று காயலான் கடையில் தேடினால் கிடைக்குமா? அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நல்லதை எல்லாம் எப்போதோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பதற்கு யானை விலை. பிறகு ஏழைப் பந்தயக்காரருக்கு யார் துணை?

அரசாங்கம் வாங்கிய ஓட்டை வண்டிகள்

இந்த இடத்தில்தான் "எக்ஸ்ப்ளோரர்" வருகிறது.

போர்டு கம்பெனி 1990-ல் கொண்டுவந்த குடும்ப வண்டி இது. பிள்ளை குட்டிகளோடு மூட்டை முடிச்சை ஏற்றிக்கொண்டு போக ஏற்றது. 1990-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் விற்றது! 1991 முதல் 2001 வரையிலான மாடல்களில் இதன் பின்னால் இருந்தது 8.8 அங்குல அச்சு. ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

2009-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்டது. "பெட்ரோலைக் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுங்கள். புது வண்டி வாங்க 4,500 டாலர் வரை தருகிறோம்" என்று அரசாங்கம் அறிவித்தது. சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகள் வந்து குவிந்தன! பட்டியலில் முதல் இடம் யாருக்கு? எக்ஸ்ப்ளோரருக்குத்தான்.

அந்த வண்டிகள் மறுபடியும் ரோட்டுக்கு வரக் கூடாது அல்லவா? அதற்கு ஒரு வழி செய்தார்கள். எண்ணெயை வடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கண்ணாடி போல இறுகி, எஞ்சின் செத்துவிடும். நல்ல எஞ்சினை இப்படிக் கொல்வதைப் பார்த்து மெக்கானிக்குகள் மனம் நொந்தார்கள். எனக்கும் அது வீண் வேலையாகத்தான் படுகிறது.

ஆனால் பின் அச்சைத் தனியாகக் கழற்றி விற்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. குறித்த நாளுக்குள் கழற்றியது போக, மிச்சத்தை நசுக்கிவிட வேண்டும். பந்தயக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

அந்த அலை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் எக்ஸ்ப்ளோரர்கள் ஏராளமாகப் பிறந்தவை. வயதாகி ஒவ்வொன்றாக இன்னும் காயலான் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2002 மாடலில் இருந்து கம்பெனி அச்சின் அமைப்பையே மாற்றிவிட்டது. ஆகவே, அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த வண்டியின் பக்கம் போகவே வேண்டாம்.

கடைக்குள் போவோம், வாருங்கள்

அமெரிக்கக் காயலான் கடைகளில் பல, "நீயே கழற்றிக்கொள்" என்கிற வகை. வாசலில் ஒரு சிறு கட்டணம். உள்ளே போனால் ஏக்கர் கணக்கில் செத்த கார்கள். கருவிப் பெட்டியை நாமே கொண்டுபோக வேண்டும். வெயிலில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி, வேண்டியதை நாமே கழற்றி எடுத்து வந்தால், வாசலில் பணம் கட்டிவிட்டுப் போகலாம்.

நம் கதைக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டறைத் தொழிலாளி. கலியாணம் ஆகி ஒரு குழந்தையும் இருக்கிறது. அவரிடம் இருப்பது 1970-களில் வந்த "மேவரிக்" என்ற சிறிய கார். ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துவிட்டார். அச்சு மட்டும் பழையதே. அதன் கிரவுன் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்பின். சோனி அச்சு! மாற்றியே தீர வேண்டும். "குழந்தைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. முந்நூறு டாலருக்கு மேல் ஒரு காசு தர மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அவர் கடைக்குள் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, எக்ஸ்ப்ளோரரின் டிரைவர் பக்கக் கதவைத் திறப்பது. கதவு ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் அச்சுக்கு ஒரு குறி உண்டு. "டி4" என்றால் 3.73 பல் விகிதம். வழுக்கல் தடுக்கும் டிபரன்ஷியல். "டி2" என்றால் 4.10, அதிலும் தடுப்பு உண்டு. சீட்டு கிழிந்துவிட்டதா? அச்சின் பின் மூடியில் ஒரு தகரத் துண்டு தொங்கும். அதில் 3-க்கும் 73-க்கும் நடுவே "எல்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தடுப்பு உள்ளது. எழுத்து இல்லை என்றால் சாதாரண அச்சு.

தகரமும் இல்லையா? கவலை வேண்டாம். வண்டி தூக்கி வைக்கப்பட்டிருந்தால் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் தடுப்பு இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் இல்லை. ஆனால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து போயிருந்தால், தடுப்பு உள்ள அச்சும் எதிர்த் திசையில் சுற்றி ஏமாற்றும். தேய்ந்த தட்டைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். ஆகவே, இந்தச் சோதனையை மட்டும் நம்பி நல்ல அச்சைக் கைவிட வேண்டாம்.

பல் விகிதத்தைச் சரிபார்க்க, கிரவுனில் எத்தனை பல், பினியனில் எத்தனை பல் என்று எண்ணி வகுக்க வேண்டும். 41-ஐப் 11-ஆல் வகுத்தால் 3.73. 41-ஐப் பத்தால் வகுத்தால் 4.10. பள்ளிக்கூடத்துக் கணக்குதான்!

1995-க்குப் பிந்திய மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும். அதற்கு முந்தியவற்றில் டிரம் பிரேக்.

"மஸ்டாங் காரிலும் இதே 8.8 அச்சு வந்ததே, அதை எடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் பல மஸ்டாங்குகளில் தண்டின் முனையில் 28 வரிப் பள்ளங்கள்தான். எக்ஸ்ப்ளோரரில் 31. பள்ளம் அதிகம் என்றால் தண்டு பருமன் என்று அர்த்தம். முறுக்கைத் தாங்குவது தண்டுதானே!

மூடியைத் திற!

அச்சு கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. உடனே கழற்றிவிடலாமா? கூடாது. பின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் எடுக்கிறவர், மூக்கணாங்கயிற்றை மட்டும் பார்த்து மாடு வாங்குகிறவர்.

மூடியைத் திறந்ததும் எண்ணெய் வழியும். அதைப் பாருங்கள். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங் துருப்பிடித்திருக்கும். எண்ணெயில் இரும்புப் பொடி மின்னுகிறதா? கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. துண்டு துண்டாகக் கிடந்தால் தொடாதீர்கள். பற்களைக் கையால் தடவிப் பாருங்கள். மூளி இருக்கக் கூடாது. இரும்பு நீலம் பூத்திருந்தால் எண்ணெய் இல்லாமல் சூடேறிய அச்சு அது.

அடுத்தது தண்டு. அதை வெளியே உருவிப் பார்க்க வேண்டும். இந்த வகை அச்சில் சக்கரத்துப் பேரிங்கின் உருளைகள் தண்டின் மேலேயே நேராக உருள்கின்றன. உருளும் இடத்தில் குழி விழுந்திருந்தால் அந்தத் தண்டு பயன்படாது. பல பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வரிப் பள்ளங்கள் நேராக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். லேசாக முறுகியிருந்தாலும், தண்டு ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. கிரவுனும் பினியனும் சோடியாகப் பிறந்தவை. ஒரு வண்டிக் கிரவுனையும் வேறு வண்டிப் பினியனையும் சேர்த்தால் ஊளையிட்டே தேய்ந்துபோகும். இரண்டு பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி, ஓர் அங்குலத்தில் சுமார் ஆயிரத்தில் பத்துப் பங்கு! அதை அளந்து வைப்பதற்கு என்றே அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஓடிய சோடியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் அந்தக் கூலியும் மிச்சம்.

சின்ன வளையம், பெரிய ஆபத்து

இனிச் சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது.

8.8 அச்சில் தண்டைப் பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? உள் முனையில் மாட்டிய, பிறை போன்ற ஒரு சின்ன இரும்பு வளையம். தண்டு முழுசாக இருக்கும் வரை சரி. நூறு மைல் வேகத்தில் தண்டு நடுவில் முறிந்தால்? வெளித் துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முறிந்த தண்டும் சக்கரமும் காரை விட்டு வெளியே ஓடிவிடும். கார் என்ன ஆகும், ஓட்டுகிறவர் என்ன ஆவார் என்று சொல்லவும் வேண்டுமா? ஒன்பது அங்குலத்தில் இந்தப் பயம் குறைவு. அதில் தண்டை வெளி முனையிலேயே போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

இதற்காகவே சங்கம் விதி வைத்திருக்கிறது. கால் மைலை 10.99 வினாடியிலோ, அதைவிட வேகமாகவோ ஓடுகிற காரில், கம்பெனியில் வந்த பழைய தண்டு கூடாது. பந்தயத்துக்கென்று செய்த தண்டு வேண்டும். அது வெளியே வராமல் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிட்ட காருக்கு, எத்தனை மெதுவாக ஓடினாலும் இந்த விதி உண்டு. வெல்டிங் வைத்து மிச்சம் பிடித்தவருக்கு இங்கே செலவு வந்துவிடுகிறது!

நம் தொழிலாளியின் கார் பன்னிரண்டு வினாடிக் கார். விதிப்படி அவர் பழைய தண்டோடு ஓட்டலாம். ஆனாலும், வேகம் கூடக் கூட இதற்குத் தனியாகப் பணம் சேர்த்து வைக்க வேண்டும். குழந்தை தடுப்பு வேலிக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சக்கரம் கழன்று ஓடலாமா?

வெட்டி ஒட்டும் சாமர்த்தியம்

அச்சு கைக்கு வந்துவிட்டது. காருக்குப் பொருந்துமா?

எக்ஸ்ப்ளோரர் அச்சின் அகலம் சுமார் 59½ அங்குலம். மேவரிக்குக்கு வேண்டியது சுமார் 56½ அங்குலம். மூன்று அங்குலம் அதிகம்! டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் பந்தயக்காரர்களின் மூளை வேலை செய்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் அச்சில் பல்சக்கரப் பெட்டி நட்டநடுவில் இல்லை. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் இடப்பக்கக் குழாயும் தண்டும் நீளம். வலப்பக்கம் குட்டை. நீளக் குழாயில் சுமார் மூன்று அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால் இரண்டு பக்கமும் சமம்! இடப்பக்கத்துக்குத் தண்டு? இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்கத் தண்டைக் கடையிலேயே கழற்றிக்கொள்ள வேண்டியதுதான். புதுத் தண்டு செய்யக் கொடுத்தால் ஆகும் செலவு எங்கே, இது எங்கே! இப்படி வெட்டினால் அகலம் 56½ அங்குலம் வருகிறது. மேவரிக்குக்காகவே செய்தது போல!

சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் நாலரை அங்குல வட்டத்தில் இருக்கின்றன. எட்டு சிலிண்டர் மேவரிக்கிலும் அதே அளவு. ஆறு சிலிண்டர் மேவரிக்கில் நாலு போல்ட்தான். ஆகவே, நம் ஆசாமி முன் சக்கரத்தையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இந்தச் செலவைக் கடையில் நிற்கும்போதே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். மனைவிக்குப் பிறகு பதில் சொல்ல முடியாது.

வெல்டிங் வைக்கும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிட வேண்டும். 8.8 அச்சின் இரண்டு குழாய்களும் நடுவில் உள்ள வார்ப்பு இரும்புப் பெட்டிக்குள் செருகப்பட்டு, சில இடங்களில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். பந்தயத்தில் வேகமாகக் கிளம்பும்போது குழாய் பெட்டிக்குள் சுழன்றுவிடும். ஆகவே, சுற்றிலும் முழுசாக வெல்டிங் வைக்கிறார்கள். வார்ப்பு இரும்பை முதலில் சூடாக்கி, ஒட்டிய பின் மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாத வேலை.

3.73 போதுமா?

"4.10 கிடைத்தால்தான் வேகம்" என்று நண்பர்கள் உசுப்பிவிடுவார்கள். கணக்குப் போட்டால் உண்மை தெரியும்.

26 அங்குல டயர். எல்லைக் கோட்டில் மணிக்கு 110 மைல் வேகம். அப்போது 3.73 அச்சு இருந்தால் எஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 5,300 சுற்றுச் சுற்றும். 4.10 என்றால் சுமார் 5,800. குடும்பக் காரில் சாதாரணமாக வருகிற 3.08 என்றால் 4,400-தான். நம்மவர் எஞ்சினின் முழு பலமும் 5,300-க்குப் பக்கத்தில் கிடைக்கிறது என்றால், 3.73-ஐ விட்டு வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். கடையில் வந்த பல்லே போதும். புதுப் பல்சக்கரச் சோடி வாங்கும் பணமும், அதைப் பொருத்தும் கூலியும் மிச்சம்.

மொத்தம் என்ன ஆயிற்று? அச்சும் உபரித் தண்டும் சேர்ந்து முந்நூறு டாலருக்குள் அடங்கலாம். அது கடைக்காரர் விலையைப் பொறுத்தது. பேரிங், சீல், எண்ணெய், கிளட்ச் தட்டு இவை தனி. வெட்டி ஒட்டும் கூலியும் தனி. அதைத் தானே செய்யத் தெரிந்தவர் பாக்கியசாலி.

அச்சைப் பொருத்திய அன்றே பந்தயத்துக்குப் போகக் கூடாது. கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, முழுசாக ஆறவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை. பிறகு எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். மின்னுகிற பொடி மட்டும் இருந்தால் புது எண்ணெயை ஊற்றி மூடியைப் போட்டுவிடலாம். துண்டு ஏதாவது கிடந்தால், சனிக்கிழமைப் பந்தயத்தை மறந்துவிட்டு மறுபடியும் ஸ்பானரை எடுக்க வேண்டியதுதான்.